காலிங் பெல்லுக்குக் கொஞ்சம் புத்தி

காலிங் பெல் மாதிரி சுயபுத்தி இல்லாத ஜந்து வீட்டில் வேறு கிடையாது. பால்காரர் அழுத்தினாலும் குருவிச் சத்தம். கடன் கொடுத்தவர் அழுத்தினாலும் அதே குருவிச் சத்தம். இதற்குப் புத்தி புகட்டுகிறோம் என்று காமிரா, வைஃபை, மாதச் சந்தா சகிதம் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அவசரப்படாதீர்கள் சார். வாசலில் ஒட்டியிருக்கிற சாதாரண வயர்லெஸ் பெல்லே போதும்.

அந்தப் பொத்தானுக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். பல பெல்களில் 433.92 மெகாஹெர்ட்ஸ்; எதற்கும் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு, செய்தி எதுவும் கிடையாது. பெரும்பாலும் 24 பிட் நீளத்தில் ஒரே ஒரு எண். குட்டைத் துடிப்பு என்றால் பூஜ்யம், நெட்டைத் துடிப்பு என்றால் ஒன்று. தந்தி ஆபீஸ் சமாசாரம்தான். நம் ஊரில் தந்தியை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள்; வாசற்படியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே இருக்கும் பெட்டி, 'நம்ம எண்தானே?' என்று பார்த்துவிட்டுக் குருவியை எழுப்புகிறது.

அந்த எண்ணை நாமும் ஒட்டுக்கேட்கலாம் என்பதுதான் சூட்சுமம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஒன்று, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு ஒன்று வாங்குங்கள். ரிசீவர் 3.3 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கட்டும். 5 வோல்ட் சிக்னல் ஈஎஸ்பிக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் இணைத்து, போர்டில் 'ஈஎஸ்பிஹோம்' என்ற இலவச சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், எண் திரையில் வந்து விழும். குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த எண் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு மேனேஜர் தேவை. அதற்கு 'ஹோம் அஸிஸ்டன்ட்'. 2013-ல் பவுலஸ் ஸ்கௌட்சென் என்பவர் ஆரம்பித்தது. இதுவும் இலவசம். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் ஓடும். உங்கள் வீட்டுக்கு யார், எப்போது வந்தார்கள் என்ற கதை எந்தக் கம்பெனி சர்வருக்கும் போகவேண்டியதில்லை.

ஒரு விஷயம். பொத்தான் ஒரு அழுத்தலுக்கு அதே எண்ணைப் பல தடவை கத்தும். 'ஒரு தடவை கேட்டதும் ஐந்து விநாடி காதைப் பொத்திக்கொள்' என்று மேனேஜரிடம் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஆபீஸ் மீட்டிங்கில் உங்கள் செல்போன் நாட்டியமாடும்.

'சரி, இதனால என்னய்யா லாபம்?' என்பீர்கள். செல்போனில் செய்தி வருவதெல்லாம் பந்தா. நிஜமான லாபம் வேறு. பகலெல்லாம் காது மந்தமான அப்பா தனியாக இருக்கும் வீட்டில் குருவி கத்தி என்ன பிரயோஜனம்? கொரியர்காரர் நின்று பார்ப்பார், 'கதவு பூட்டியிருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். அவரோடு மாத்திரையும் போய்விடும். அதே பெல், ஹாலில் மாட்டிய ஸ்மார்ட் பல்பை மூன்று தரம் சிமிட்டட்டும். டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர், 'யாரோ வந்திருக்காங்க போலிருக்கே' என்று தானே எழுந்து போவார். அடுத்த வீட்டுக்காரர் வந்து ஜன்னலைத் தட்டவேண்டியதில்லை. வயசானவர்களுக்கு அந்த கௌரவம் பெரிசு.

உற்சாகத்தில் இன்னொரு படி போய், பெல் அடித்தால் பூட்டு தானாகத் திறக்கிற மாதிரி மட்டும் செய்துவிடாதீர்கள். இந்த ரகப் பெல்களில் எண் மாறுவதே இல்லை. நீங்கள் ஒட்டுக்கேட்டது போலவே தெருவில் நிற்பவனும் கேட்கலாம், அப்படியே திருப்பி ஒலிபரப்பலாம். இப்போதைய கார் ரிமோட்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண்ணை மாற்றுகின்றன. பெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

என்னதான் புத்தி வைத்தாலும் பெல் சொல்வது 'யாரோ அழுத்தினார்கள்' என்பதை மட்டும்தான். யார் என்று எட்டிப் பார்ப்பதும், கதவைத் திறப்பதா, சோபாவுக்குப் பின்னால் பதுங்குவதா என்று தீர்மானிப்பதும் இன்னமும் மனுஷன் வேலை. குறிப்பாக, மாசக் கடைசியில்.