ஸ்டிக்கர் ஒட்டினால் கரண்ட் பில் குறைந்துவிடுமா?

பெரிய அலுவலகங்களில் சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: "மின்சாரத்தைச் சேமிப்பீர்". அதைப் படிக்கும் ஊழியரோ மே மாத வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்! மாடி முழுக்க சென்ட்ரல் ஏசி. அவர் கையில் ரிமோட் கிடையாது. அது பராமரிப்புக்காரர்கள் கையில். பில் குறைந்தால் அவர்களுக்கு ஒரு பைசா வரப்போவதில்லை. "புழுங்குது" என்று மேனேஜர் போன் போட்டால் மட்டும் வேலைக்கு ஆபத்து. பிறகு யார்தான் ஏசியைக் குறைப்பார்கள்?

கட்டடம் கட்டுகிறவர் கதையும் இதுதான். மலிவான ஏசி, மலிவான கண்ணாடி. கரண்ட் பில் கட்டப்போவது வாடகைக்கு வருபவர்தானே! அவரோ, நாலு வருஷத்தில் காலி செய்யப்போகிற இடத்துக்குக் கைக்காசு போடமாட்டார். (காமர்ஸ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. செலவு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்றால் முதலீடு நடக்காது.)

ஆஸ்திரேலியாவில் இந்த முடிச்சைத்தான் பிடித்தார்கள். அங்கே 'நேபர்ஸ்' என்ற ஸ்டார் மதிப்பீட்டில் லிஃப்ட், சென்ட்ரல் ஏசி, பொது விளக்குகள் உரிமையாளர் கணக்கு. வாடகைக்காரரின் விளக்கும் கம்ப்யூட்டரும் தனிக் கணக்கு. காகிதத்தில் போட்ட டிசைனுக்கு ஸ்டார் கிடையாது, ஒரு வருஷம் நிஜமாகவே செலவான மின்சாரத்துக்குத்தான். 2010-ல் வந்த சட்டப்படி, பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் கொடுத்தால் ஸ்டாரையும் போட்டாக வேண்டும். கம்மி ஸ்டார் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஜப்பானில் 2005 கோடையில் 'கூல் பிஸ்'. ஏசியை 28 டிகிரியில் வை என்றது அரசு. கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு 28-ல் உட்கார முடியுமா? பாஸ் டை கட்டியிருக்கும்போது ஜூனியர் கழற்றுவானா? அதனால் பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். (டை வியாபாரிகள் புலம்பித் தள்ளினார்கள், பாவம்.) புது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. மேலே இருப்பவர் முதலில் கழற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தியாவில்? வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதிமுறை 2007-லேயே வந்துவிட்டது. ஆனால் மாநில அரசு அறிவிக்கும்வரை கட்டாயமில்லை! அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி வர 2020 ஆனது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. அந்த ஒரு டிகிரியை ஏற்றுகிற அதிகாரம் ஸ்வெட்டர் போட்டவரிடம் இல்லை. அறிவுரை மட்டும் அவருக்கு!

ஸ்டிக்கர் ஒட்டுகிற நிர்வாகங்கள், கடந்த 12 மாத கரண்ட் பில்லையும் ஏசி வெப்பநிலையை முடிவு செய்கிறவர் பெயரையும் வாசலில் ஒட்டட்டும் பார்க்கலாம்.