விண்டோவ மூடினா லாக்-அவுட்டா? போங்க சாமி!

ஆணி புடுங்குற மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கடுப்போடதான் வந்திருக்கேன்.

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன்ல பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தரைப் பார்த்தேன். "விஎம் கன்சோல்ல வேலை முடிஞ்சா விண்டோவ மூடிடுவேன், தானா கட்டாயிடும்"னு சர்வசாதாரணமா சொல்றாரு. பதினஞ்சு வருஷ அனுபவஸ்தர்! பீச் வண்டி வந்துடுச்சு, தப்பிச்சாரு. அவருக்குச் சொல்ல நினைச்சதை இங்க கொட்டிடறேன்.

தானா கட்டாகாது சாமி. எஸ்எஸ்ஹெச்ல போனா, லைன் அறுந்து கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் ஷெல்லுக்கு ஹேங்கப் சிக்னல் போகும், அது செத்துடும். (ஹேங்கப்னா போனை வைக்கிறதுதான், மோடம் காலத்துப் பேரு.) சீரியல் கன்சோல் கதை வேற. 'விர்ஷ் கன்சோல்'னு அடிச்சு நாம பிடிக்கிறது ஹோஸ்ட் மெஷின்ல இருக்கிற ஒரு முனையைத்தான். அதை விட்டுட்டுப் போனா உள்ள இருக்கிற விஎம்முக்குத் தெரியவே தெரியாது. டெர்மினல் அங்கேயே இருக்கு, ஆளு டீ குடிக்கப் போயிருக்கான்னு நினைச்சுக்கும். ரூட்டா நுழைஞ்சிருந்தா ரூட்டாவே காத்துக்கிட்டு இருக்கும். அடுத்து வர்றவன்கிட்ட பாஸ்வேர்டு கூட கேக்காது.

எனக்கு எப்படித் தெரியும்? பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2015 டிசம்பர் 1, மறக்க முடியுமா? மறுநாள் காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை. நான் சேலையூர் வீட்ல உக்காந்து, நெட்வொர்க் செட்டிங் கெட்டுப்போன ஒரு விஎம்மை கன்சோல் வழியா சரி பண்ணிக்கிட்டிருந்தேன். சாயங்காலம் கரண்ட் போச்சு, பிராட்பேண்டும் போச்சு. சரி, கனெக்ஷன் கட்டு, வேலையும் கட்டுன்னு விட்டுட்டேன். முடிச்சூர்ல அக்கா வீட்டுக்குள்ள தண்ணி. கன்சோலா ஞாபகம் வரும்?

நாலு நாள் கழிச்சு வேற டீம் பையன் ஒருத்தன் அதே கன்சோலைத் திறந்திருக்கான். நேரா ரூட் பிராம்ப்ட். மெஷின் பேரு கூட 'லோக்கல்ஹோஸ்ட்'னுதான் இருந்துச்சு (அதுவும் என் புண்ணியம்). தன்னோட டெஸ்ட் மெஷின்னு நினைச்சு பவர்-ஆஃப் பண்ணிட்டான். அது பில்லிங் மெஷின். ரெண்டு மணி நேரம் அவுட். 'லாஸ்ட்' போட்டுப் பார்த்தா ஒண்ணாம் தேதி சாயங்காலத்துலேர்ந்து ஒரே ரூட் லாகின், என்னுது. டேமேஜர் கூப்பிட்டு "அஞ்சாம் தேதி நீ எங்க இருந்த?"ங்கறாரு. முடிச்சூர்ல மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தேன் சார்! அந்தப் பையன் தன் பேரை ஒத்துக்கிட்டதால பொழச்சேன். மழை மேல பழி போடலாம்னு எனக்கும் ஆசைதான். ஆனா கதவைத் திறந்து போட்டது மழை இல்லையே.

இதைச் சொன்னா உடனே "கண்ட்ரோலையும் வலது சதுர அடைப்பையும் சேர்த்து அழுத்தி முறையாத்தானே வெளிய வர்றேன்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். அது உங்க கையை எடுக்கும், அவ்ளோதான். முதல்ல 'எக்ஸிட்', அப்புறம் அந்த கீ. வரிசை முக்கியம்.

இன்னொரு கோஷ்டி "எல்லாம் விபிஎன்னுக்குள்ளதானே"ங்கும். பாஸ், பவர்-ஆஃப் பண்ண பையனும் விபிஎன்னுக்குள்ளதான் இருந்தான்.

மூணாவது கோஷ்டிதான் மகா கொடுமை. வசதியா இருக்கட்டும்னு க்யூஎம்யூ சீரியல் போர்ட்டை டெல்நெட்ல எல்லா முகவரிக்கும் திறந்து விடறவங்க. 2016-ல மிராய், டெல்நெட் திறந்து கிடந்த கேமராவையும் ரவுட்டரையும் ஃபேக்டரி பாஸ்வேர்டு போட்டே வளைச்சுப் பிடிச்சுது. அங்கயாவது பாஸ்வேர்டுன்னு ஒண்ணு கேட்டுச்சு!

ஷெல்லுக்கு டிஎம்அவுட்ல 300 வச்சுட்டா, பிராம்ப்ட்ல அஞ்சு நிமிஷம் சும்மா இருந்ததும் தானா வெளிய தள்ளிடும். "பாதி வேலையில துரத்துதே"ன்னு அதையும் எடுத்துடறாங்க. நீண்ட வேலைன்னா எஸ்எஸ்ஹெச்ல போய் 'ஸ்கிரீன்'ல ஓட்டுங்களேன். நெட்வொர்க் செத்தப்போ உள்ள போறதுக்குத்தான் கன்சோல், குடியிருக்கிறதுக்கு இல்ல.

டிஸ்கி: விஐ எடிட்டரையோ 'டாப்'பையோ திறந்து வச்சுட்டுப் போனீங்கன்னா டிஎம்அவுட் ஒண்ணும் பண்ணாது. அது பிராம்ப்ட்ல மட்டும்தான் வேலை செய்யும்.