பச்சை ஒரு கூடை, சருகு இரண்டு கூடை

வீட்டுக் கொல்லையில் எருக்குழி போட்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சமையல் கழிவும் களையும் சாணமும் சேரச் சேர நாற்றம், புழு. அதை அடக்க வைக்கோலைக் கொட்டினார். பிறகு மூன்று மாதமாகியும் மக்கவில்லை. அரைகுறையாக மக்கியதை எடுத்துக் கத்தரிக்கு இட்டதும் செடிகள் மஞ்சளாகிவிட்டன. ஏன் என்று கேட்கிறார்.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே: பச்சைக்கும் சருகுக்கும் உள்ள அளவு தவறியது. குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தீனி கரிமச்சத்து. பெருகத் தேவை தழைச்சத்து. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து இருந்தால் வேலை வேகமாக நடக்கும். காய்கறித் தோல், பசுந்தழை, சாணம் இவற்றில் தழைச்சத்து அதிகம். வைக்கோல், சருகு, கரும்புச் சோகையில் கரிமச்சத்து அதிகம். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாணமும் டீத்தூள் சக்கையும் பச்சைக் கணக்கில்தான் சேரும்.

பச்சை மிகுந்தால் காற்றுப் புகாமல் அழுகும். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சருகு மிகுந்தால் குவியலில் சூடு ஏறாது. அரைகுறையாக மக்கியதை நிலத்தில் இட்டால், மீதியை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். கத்தரியில் அடியிலை முதலில் மஞ்சளாகியிருந்தால் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியவை:

• ஒரு கூடை பச்சைக்கு இரண்டு முதல் மூன்று கூடை நறுக்கிய சருகு. மாற்றி மாற்றி அடுக்கி, சாணக் கரைசல் தெளிக்கவும்.

• நீளம், அகலம், உயரம் மூன்றடியாவது இருக்கட்டும். சிறு குவியலில் சூடு நிற்காது.

• ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்.

• நான்காம் நாள் நடுவில் கம்பியைச் செருகி எடுத்தால் சுட வேண்டும். சுடாவிட்டால் பசுந்தழையும் சாணக் கரைசலும் சேர்க்கவும். நாறினால் சருகு சேர்த்துப் புரட்டவும்.

• 15 நாளுக்கு ஒருமுறை புரட்டவும். மழையில் ஓலை போட்டு மூடவும்.

மஞ்சளான கத்தரியில் வேரோரம் உள்ள மக்காத வைக்கோலை அகற்றி, ஊறிய கடலைப் புண்ணாக்கு நீரை 10 மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றவும். அகற்றிய வைக்கோலைக் குழிக்கே திருப்பிப் போடலாம்.

எரு கருத்து, உதிரியாகி, சூடு தணிந்து, மண்வாசனை அடிக்க வேண்டும். வைக்கோலை வைக்கோல் என்று அடையாளம் காண முடிகிற வரை அது எரு ஆகவில்லை. வயலுக்கு எடுக்க வேண்டாம்.