பூண்டுக்குச் சாட்சி யார்?

சந்தை நாளில் வடுகபட்டிக்கு வழி கேட்க வேண்டியதில்லை. பூண்டு வாசமே வழி காட்டும்.

கொடைக்கானல் மேல்மலையில் விளையும் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக இங்கே இறங்குகிறது. பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகளின் ஒரு போகத்து உழைப்பு இந்தச் சந்தையில்தான் பணமாகிறது. 2019-ம் ஆண்டில் இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வாங்க வருகிறவர்கள் விலையை மட்டுமா பேசுகிறார்கள்? வைத்தியமும் பேசுகிறார்கள்.

"தினம் 2 பல் தின்றால் ரத்தக்கொதிப்பு வராது" என்கிறார் ஒருவர். "ரத்தத்தில் உள்ள கொழுப்பு கரைந்து போகும்" என்கிறார் இன்னொருவர். "மாத்திரையே வேண்டாம்" என்கிறார் மூன்றாமவர்.

இதில் எது உண்மை? யார் சாட்சி?

அனுபவம் போதுமா?

பாட்டி வைத்தியத்தை யாரும் பழிக்க வேண்டாம். பூண்டை நசுக்கினால் அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. அது கிருமிகளை எதிர்க்கும் தன்மை உள்ளது என்று 1944-லேயே கண்டுபிடித்தார்கள். பாட்டி பூண்டைத் தட்டிப் போட்டதில் பொருள் இருந்தது.

ஆனால் ஒருவர் பூண்டு தின்றார், அவருக்கு உடம்பு தேறியது என்பதால் மட்டும் பூண்டுதான் தேற்றியது என்று ஆகிவிடாது. அவர் மாத்திரையும் சாப்பிட்டிருக்கலாம். உப்பைக் குறைத்திருக்கலாம். நடந்திருக்கலாம்.

உண்மை தெரிய வேண்டுமானால் பல பேரைச் சேர்க்க வேண்டும். சிலருக்குப் பூண்டு கொடுக்க வேண்டும், சிலருக்குக் கொடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டும். லட்சக்கணக்கில் வேண்டும்.

அந்தப் பணத்தை யார் போடுவார்கள்? மருந்துக் கம்பெனியா? போடாது. பூண்டு யாருக்கும் சொந்தமான மருந்து அல்ல. காப்புரிமை வாங்கித் தனியாக விற்க முடியாது. லாபம் இல்லாத இடத்தில் முதல் போட எந்த வியாபாரி வருவார்?

இங்கேதான் அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியம் வருகிறது.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டு அரசாங்கத்தின் மானியத்தில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். 192 பேரை 4 பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு. இரு பிரிவுகளுக்குக் கடையில் விற்கும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகள். கடைசிப் பிரிவுக்கு வெறும் மாத்திரை. 6 மாதம் கொடுத்தார்கள்.

2007-ல் முடிவு வெளிவந்தது. கெட்ட கொழுப்பு எந்தப் பிரிவிலும் குறிப்பிடும்படி குறையவில்லை!

பூண்டு மாத்திரை விற்கிறவர் இப்படி ஒரு முடிவை விளம்பரம் செய்வாரா? பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்பதால் "இல்லை" என்பதையும் துணிந்து சொல்ல முடிந்தது.

இதனால் பூண்டு வீண் என்று பொருள் அல்ல. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது சிறிதளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்குச் சாட்சி இல்லை. குழம்பில் பூண்டு இருக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையும் இருக்கட்டும்.

சென்னை சொன்ன பாடம்

பொதுப் பணம் நல்ல செய்தியும் தந்திருக்கிறது. காசநோய் வந்தால் வீட்டை விட்டு, பிள்ளைகளை விட்டு, மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. இடம் கிடைக்காமல் இறந்தவர்கள் எத்தனையோ பேர்.

1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கை கோத்தன. ஏழை நோயாளிகளில் சிலருக்குச் சானடோரியத்தில் மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு வீட்டிலேயே கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. அந்த மானியம் எத்தனை தாய்மார்களைப் பிள்ளைகளோடு இருக்க வைத்தது!

எத்தனை வகை மானியம்?

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பல வழிகளில் பணம் தருகிறது.

முதலாவது, திட்ட மானியம். கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்யும் டாக்டர் அல்லது விஞ்ஞானி ஒரு கேள்வியை எழுதி அனுப்புகிறார். எத்தனை பேரைச் சோதிப்பது, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டுகிறார். நிபுணர்கள் பரிசீலித்து ஒப்புதல் தருகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையும் இப்படி வழங்குகின்றன. சித்த மருந்துகளுக்கு ஆயுஷ் அமைச்சகம் இருக்கிறது.

இரண்டாவது, அரசாங்கமே நடத்தும் ஆராய்ச்சி நிலையங்களுக்கான நிதி. 1956-ல் தொடங்கிய அந்தச் சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக இருப்பது இந்த வகையில்தான்.

மூன்றாவது, மாணவர் உதவித்தொகை. எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர்கள் 2 மாதம் ஆராய்ச்சி செய்ய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவி தந்துவருகிறது. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வேறு உதவித்தொகை உண்டு.

நான்காவது, புதிய மருந்தோ கருவியோ உண்டாக்கும் தொழில் முயற்சிக்கான மானியம். 2012-ல் அமைந்த பைராக் நிறுவனம் தொடக்க நிலையில் 50 லட்ச ரூபாய் வரை தருகிறது.

மானியம் கிடைத்துவிட்டால் இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. பணம் தவணை தவணையாக வரும். செலவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மனிதர்களைச் சோதிப்பதானால் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளி மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். புதிய சிகிச்சைச் சோதனையை முன்கூட்டியே அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வேண்டுவது என்ன?

மானியம் யார் வீட்டுப் பணம்? சந்தையில் சோப்பு வாங்கும் மூட்டைத் தூக்கும் தொழிலாளி கட்டும் வரியும் அதில் இருக்கிறது. ஆகவே கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

தவணைப் பணம் தாமதமாகாமல் வர வேண்டும். பாதியில் பணம் நின்றால் ஆராய்ச்சியும் பாதியில் நிற்கும். நோயாளிகள் கொடுத்த ரத்தமும் வீணாகும்.

பெரிய நகரங்களுக்கு மட்டும் மானியம் போகக் கூடாது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் நோய்களை இங்கே வைத்தியம் பார்க்கிறவர்களைவிட யார் அதிகம் அறிவார்?

முடிவுகள் ஆங்கில ஏடுகளோடு நின்றுவிடக் கூடாது. பூண்டு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் புரியும் தமிழில் வர வேண்டும்.

மூட்டையைத் தராசில் நிறுத்தித்தான் வடுகபட்டியில் விலை பேசுகிறார்கள். வைத்தியத்துக்கும் ஒரு தராசு வேண்டும். அதை வாங்கித் தருவது பொதுப் பணம்.