ரசவாதிகளைப் பார்த்துச் சிரித்தேன், தப்புதான்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில், "ஈயத்தைத் தங்கமாக்கப் போன முட்டாள்கள்தான் ரசவாதிகள்" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பேன். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, "அத்தனை நூறு வருஷமா எல்லாருமேவா சார் முட்டாளா இருந்தாங்க?" என்றான். "உட்காருடா" என்று அதட்டிவிட்டேன். பதில் தெரியாததால் வந்த அதட்டல் அது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் பிரின்சிபே. வேதியியல், அறிவியல் வரலாறு இரண்டும் படித்தவர். பழைய ரசவாத நூல்களைப் படிப்பதோடு நிற்காமல், அதில் உள்ளதைச் செய்தும் பார்ப்பவர்.

பாசில் வாலண்டைன் என்ற பெயரில் 1604-இல் ஜெர்மனியில் வெளிவந்த நூலில் ஒரு செய்முறை இருக்கிறது. ஆன்டிமனி தாதுவை வறுத்துச் சாம்பலாக்கி, அதை உருக்கி ஊற்றினால் பொன்னிறக் கண்ணாடி கிடைக்குமாம். சுத்தமான பொருளை வைத்து இவர் செய்தபோது கண்ணாடி வரவில்லை.

நானாக இருந்தால் "எல்லாம் புளுகு" என்று புத்தகத்தை மூடியிருப்பேன். அவர் மூடவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் வெட்டியெடுத்த தாதுவை வாங்கி மறுபடியும் செய்தார். அழகான மஞ்சள் கண்ணாடி வந்தது! அந்தத் தாதுவில் குவார்ட்ஸ் கல் கொஞ்சம் கலந்திருந்தது. கண்ணாடி உருவாகக் காரணமே அதுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை. தன் தாதுவில் இருந்த கலப்பு அவருக்கே தெரியாது, அவ்வளவுதான்.

ஈயம் தங்கமாகவில்லை, உண்மை. ஏமாற்றுக்காரர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் ராபர்ட் பாயிலும் ரசவாதத்தில் இறங்கியவர்தான். நியூட்டன் அதைப் பற்றி எழுதி வைத்ததே சுமார் பத்து லட்சம் சொற்கள். பாயில் விதியையும் புவியீர்ப்பையும் நடத்துகிற நாம் இதைச் சொல்வதில்லை.

இப்போது வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரசவாதிகளை முட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்லுங்கள். சோதனை சரியாக வராவிட்டால் எங்கே தவறு என்று தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அதிலேயே கற்றுக்கொள்வார்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். இதைப் படித்தால், தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னது என் தப்பு.