மனையறம்: பாத்திரமறிந்து உப்பிடுக

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. பாத்திரமறிந்து உப்பிடு என்பதைச் சமையலறைக்குரிய மொழியாக நாம் கொள்ளலாம்.

கோழியையோ ஆட்டிறைச்சியையோ உப்புநீரில் ஊறவைத்துச் சமைத்தால், உப்பு உள்ளிறங்கி, அடுப்பில் வேகும்பொழுது சாறு வற்றாமல் காக்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்புப் போதுமானது. இவ்வளவையெல்லாம் நம் சகோதரிகள் கேட்டறிந்து கொள்கின்றனர். ஆனால், எதில் ஊறவைப்பது என்னும் கேள்வி மட்டும் எழுவதில்லை. கைக்கு எட்டிய பாத்திரத்தை எடுத்துக்கொள்கின்றனர்.

உப்புநீர் உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. எலுமிச்சைச் சாறோ காடியோ சேர்ந்தால் இன்னும் விரைந்து அரிக்கும். ஆதலின் அலுமினியப் பாத்திரம் இதற்கு ஆகாது. செம்பும், ஈயப்பூச்சுத் தேய்ந்த பித்தளையும் அறவே கூடா. அவற்றின் செம்பு உணவில் கரைந்தால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். எவர்சில்வர் ஓரிரவுக்குத் தாங்கும். நாட்கணக்கில் உப்புநீர் நின்றால் அதிலும் சிறு சிறு குழிகள் விழும்.

கண்ணாடிப் பாத்திரமே இதற்கு முதன்மையானது. அது உப்புக்கும் புளிப்புக்கும் அசையாது, வாடையும் பற்றாது. கொதிநீரை மட்டும் அதில் திடீரென ஊற்றலாகாது. ஊறுகாய்க்கென்றே செய்யப்பட்ட பீங்கான் ஜாடியும் நன்று. ஆயினும் அழகுக்காக வண்ணம் தீட்டிய பூஞ்சாடிகளை விலக்குக. சிலவற்றின் மெருகில் காரீயம் கலந்திருக்கும். மெருகில் வெடிப்புக் கண்ட ஜாடியும் வேண்டா. அவ்வெடிப்பில் கிருமிகள் தங்கும்.

இனி, பிளாஸ்டிக். இங்குதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. சாயம் வந்த வாளியையும் இரசாயனம் வந்த பீப்பாயையும் கழுவி, மலிவு விலைக்கு விற்பதைப் பல நகரங்களின் பழைய சாமான் கடைகளில் காணலாம். பீப்பாய் இரயிலில் வரும்பொழுது, உள்ளே என்ன இருக்கிறது என்பது சரக்குச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். காலியாகிக் கடைத்தெருவுக்குப் போகும்பொழுது அந்தச் சீட்டு அதனுடன் போவதில்லை. சரக்குச் சீட்டுகளோடு பழகிய குமாஸ்தாவாகிய நானே வெறும் பீப்பாயைப் பார்த்து அதன் பூர்வோத்தரத்தைச் சொல்ல இயலாது. எத்தனை முறை கழுவினும் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டது முற்றும் நீங்குமென்று நம்புவதற்கில்லை. மிச்சமாகும் சில ரூபாய்க்காகக் குழந்தைகளின் வயிற்றைப் பணயம் வைக்கலாமா?

அடியில் முக்கோணத்துள் காணும் எண், அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் கூறும். உணவுக்கு உகந்தது என்று உறுதி கூறாது. கிண்ணமும் முட்கரண்டியும் சேர்ந்த குறியையோ, உணவுக்குரியது என்னும் வாசகத்தையோ தேடி வாங்குக. குப்பைக்கென விற்கும் பைகளில் இறைச்சியை ஊறவைத்தலும் தவறே. கீறல் விழுந்த பழைய டப்பாவையும் தள்ளுக.

அளவும் பார்க்கவேண்டும். ஒரு கிலோ இறைச்சிக்கு மூன்று லிட்டர் கொள்ளும் பாத்திரம் தாராளம். இறைச்சி முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்க, மேலே ஒரு பீங்கான் தட்டை வைத்து அழுத்துக. மூடியுடன் குளிர்பெட்டியில் நுழையுமா என்பதை வாங்குமுன் அளந்து கொள்க. ஏனெனில் 5 பாகை செல்சியஸுக்கு மேற்படாத குளிரில்தான் ஊறவைக்கவேண்டும். உப்பிட்டதனால் இறைச்சி வெளியில் கெடாதென்பது வீண் நம்பிக்கை. இவ்வளவு உப்பு அதற்குப் போதாது. துண்டுகளுக்கு இரண்டு மணி நேரமும், முழுக் கோழிக்கு ஓரிரவும் போதும். பின்னர் அந்நீரைக் கொட்டிவிடுக, மறுமுறைக்கு வைக்கலாகாது.

புலால் உண்ணாத இல்லத்தாரும் இதனைப் புறக்கணிக்க வேண்டா. உப்பு மாங்காய்க்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் இதே விதிதான்; அவை மாதக்கணக்கில் ஊறுவதால், பாத்திரத்தின் குணமும் குற்றமும் அவற்றில் மிகுதியாகவே சேரும்.

ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் செய்யும் நாம் புதிது புதிதாகப் பாத்திரம் வாங்கும் நிலையில் இல்லை. ஆயினும், மூடியுள்ள ஒரு நல்ல கண்ணாடிப் பாத்திரம் பல ஆண்டுகளுக்கு உழைக்கும். அதனை உப்பிடுவதற்கென்றே ஒதுக்கி வைப்பீர்களாக.