தொட்டி மீனை வாய்க்காலில் விடலாமா?

 

சில வருடங்களுக்கு முன் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது மாணவன் ஒருவன் என்னை மறித்தான். "ஹஸரத், எங்கட தொட்டி மீன் பெருத்துப் போயிட்டு. வாப்பா வாய்க்காலில விடச் சொல்றார். நன்மை கிடைக்குமா?" நான் யோசிக்கவேயில்லை. "கிடைக்கும் மகன்" என்று சொல்லிவிட்டேன். அது பிழையான பதில். அதைத் திருத்தவே இந்த மாதம் எழுதுகிறேன்.

அவன் வைத்திருந்தது 'டேங்க் கிளீனர்'. உடலெல்லாம் எலும்புத் தகடு போர்த்த, உறிஞ்சும் வாயுள்ள தென்னமெரிக்கக் கெளுத்தி இனம். டெரிகோப்ளிக்திஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். கடையில் வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஒன்றரை அடி வரை வரும். கண்ணாடியிலுள்ள பாசியைத் தின்னும் என்று வாங்குகிறோம். அது கழிக்கும் அழுக்கோ அதைவிட அதிகம்!

வெளியே விட்டால் என்ன நடக்கும்? கரை மண்ணைத் துளைத்து வளை தோண்டும். அதில் பெண் முட்டையிடும். ஆண் காவல் காக்கும். தண்ணீர் கெட்டாலும் காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும். முள்ளும் தகடும் இருப்பதால் மற்றப் பிராணிகள் இலகுவில் தின்னமாட்டா. வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். விக்டோரியாவிலும் கலாவாவியிலும் இது பரவியிருப்பதை 2008 இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் பொல்கொல்லையிலும் கண்டார்கள். மெக்சிக்கோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துச் சீவித்த மீனவர்களின் வலைகளை இந்த மீனே நிறைத்து, அவர்களது தொழிலை நொடிக்கச் செய்தது.

நம் வட்டைகளை நினைத்துப் பாருங்கள். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், வாய்க்கால் வாய்க்காலாக வந்து நம் வயலில் பாய்கிறது. அந்த வாய்க்கால்களின் கரை மண் கரை. அவற்றில் விராலும் கெளுத்தியும் பனையேறியும் பிடித்து அன்றாடக் கறிக்கு வழி தேடும் ஏழைகள் இருக்கிறார்கள். ஒருவர் தேடிய 'நன்மை'க்காக அவர்கள் நட்டப்படுவது நியாயமா?

பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணின் செய்தியை நாம் அறிவோம். அன்று என் மனதில் இருந்ததும் அதுதான். ஆனால் அந்தப் பூனை அவிழ்த்துவிட்டால் தன் சொந்த மண்ணில் இரை தேடியிருக்கும். இந்த மீனின் சொந்த மண் அமேசன். அதை இங்கே விடுவது விடுதலையன்று. நம் பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுவது. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றல்லவா?

அப்படியானால் என்ன செய்வது? வாங்குமுன் அது எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். வளர்க்க முடியாவிட்டால் விற்ற கடைக்கோ, பெரிய தொட்டியுள்ளவருக்கோ கொடுங்கள். யாரும் ஏற்காவிட்டால், வதைக்காமல் கொன்று புதைத்துவிடுங்கள். மனம் கனக்கும், ஆனாலும் அதுவே நேர்மை. குளம், வாய்க்கால், தோணா எதிலும் விடாதீர்கள்.

அந்த மாணவனை அண்மையில் சந்தித்தேன். "மகன், அன்றைக்கு நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அன்றைக்கே விட்டுட்டன் ஹஸரத்" என்றான்.

சொன்னவன் நான். அந்த மீனுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நானே. அல்லாஹ் மன்னிப்பானாக!